கணினி விளையாட்டின் கிளைக்கதைகளும் நம் பிள்ளைகளின் தமிழும்

"விளையாட்டு முடிந்துவிட்டது என்றாயே, பின்பு ஏன் மறுபடியும் அதன் முன் அமர்ந்திருக்கிறாய்?" என்ற கேள்வி ரொறன்ரோவின் தமிழ் இல்லங்களில் அடிக்கடி எழுவதாகும். "புதிய பகுதி வந்திருக்கிறது" என்கிறது பிள்ளை. "மீண்டும் பணமா?" என்கின்றனர் பெற்றோர். உரையாடல் அவ்வளவில் முற்றுப்பெறுகிறது. அந்தப் புதிய பகுதி எத்தகையது, அதை எவ்வாறு மதிப்பிடுவது, நம் மொழிக்கும் அதற்கும் என்ன உறவு என்பவற்றை இம்மலரின் வாயிலாகச் சிறிது சிந்திக்க விழைகிறோம்.

வீரனாகவோ மந்திரம் கற்றவளாகவோ ஒரு பாத்திரத்தை ஏற்று, கற்பனை நாடொன்றில் உலவி, அங்குள்ள மாந்தரோடு உரையாடி, முடிவுகளை எடுத்து, அவற்றின் விளைவுகளையும் தாங்கிக்கொள்ளும் வகை விளையாட்டுகள் உள. முதற்கதை வெளிவந்து சில மாதங்களோ ஆண்டுகளோ கழிந்தபின், அதே உலகில் புதியதொரு நிலப்பரப்பையும் புதியதொரு கதையையும் சேர்த்து வெளியிடுவர். ‘எக்ஸ்பான்சன்’ என்று பிள்ளைகள் சொல்லும் விரிவாக்கப் பகுதி அதுவே.

தமிழருக்கு இம்முறை புதியதன்று. கோவலன் கொலையுண்டான்; மதுரை எரியுண்டது; கண்ணகி தெய்வமானாள்; சிலப்பதிகாரம் நிறைவுற்றது. ஆயினும் கோவலனுக்கும் மாதவிக்கும் பிறந்த மகளின் வாழ்வு என்னவாயிற்று என்ற வினா எஞ்சி நின்றது. சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலை அவ்வினாவின் விடையாக நிற்கிறது. சூதில் நாடிழந்து காட்டில் வாடிய தருமனுக்கு ஆறுதலாக மகாபாரதத்தில் சொல்லப்படும் நளன் கதையைப் புகழேந்திப் புலவர் நளவெண்பா எனத் தனிநூலாக விரித்தார். ஒன்று முடிந்த கதையின் தொடர்ச்சி. மற்றது நடுவே பிரிந்த கிளை. இரண்டுக்கும் ஒரு நோக்கம் உண்டு. எஞ்சிய வினாவுக்கு விடை தருவதா, வாடிய மனத்துக்கு வழி காட்டுவதா என்று கேட்டால் இரண்டுமே பதில் சொல்லும். விரிவாக்கப் பகுதிகளை மதிப்பிடுவதற்கும் இதனையே அளவுகோலாகக் கொள்ளலாம் என்பது நம் கருத்து.

இக்கலை செழித்த நாடுகளுள் நாம் வாழும் கனடாவும் ஒன்று. 1995 ஆம் ஆண்டில் அல்பேர்ட்டா மாகாணத்தின் எட்மன்ரன் நகரில், றே முசிக்கா, கிறெக் செஸ்சக், ஒகஸ்ரீன் யிப் என்னும் மருத்துவர் மூவர் உள்ளிட்டோர் பயோவேர் நிறுவனத்தைத் தொடங்கினர். 1998 இல் அவர்கள் உருவாக்கிய ‘பால்டர்ஸ் கேற்’ உலகப் புகழ் பெற்றது. அடுத்த ஆண்டே அதற்கொரு விரிவாக்கம் வந்தது. 2000 இல் இரண்டாம் பாகமும், 2001 இல் அதன் விரிவாக்கமாகிய ‘த்ரோன் ஒவ் பால்’ என்பதும் வெளிவந்தன. முதற்பாகத்தில் தொடங்கிய நாயகனின் கதை இந்த விரிவாக்கத்திலேயே நிறைவெய்தியது. பின்னர் 2016 இல், அதே நகரத்து பீம்டொக் நிறுவனம், இரு பாகங்களுக்கும் இடையே நிகழ்ந்தவற்றைச் சொல்லும் ‘சீஜ் ஒவ் டிராகன்ஸ்பியர்’ என்ற விரிவாக்கத்தை வெளியிட்டது. தொடர்ச்சியும் இடைக்கிளையும் என நம் புலவர்கள் கையாண்ட இரு வழிகளும் பனி படர்ந்த எட்மன்ரனிலும் கையாளப்பட்டமை எண்ணி மகிழத்தக்கது.

பெற்றோரின் கவலைகள் புறக்கணிக்கத்தக்கன அல்ல. இவ்விளையாட்டுகள் பல மணி நேரத்தை உண்பவை. ஆயினும் நல்ல விரிவாக்கத்துக்கு ஒருமுறை விலை கொடுக்கிறோம். அதன் கதைக்கு ஒரு முடிவும் உண்டு. முடிவே இல்லாது, நாள்தோறும் வந்து போகும்படி பிள்ளையை அழைத்து, உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத பெட்டிகளைப் பணம் கொடுத்துத் திறக்கச் செய்யும் விளையாட்டுகளே பெரிதும் அஞ்சத்தக்கவை. 2018 இல் பெல்ஜியம் நாட்டின் சூதாட்ட ஆணையம் இத்தகைய பெட்டிகள் சிலவற்றைச் சூதாட்டச் சட்டத்துக்கு மாறானவை எனத் தீர்மானித்தது. நளனையும் தருமனையும் கதையாகக் கேட்டு வளர்ந்த நமக்குச் சூதின் இயல்பை வேறொருவர் வந்து விளக்கவேண்டியதில்லை. ஆகவே, "விளையாடாதே" என்று பொதுவாகத் தடுப்பதினும், "இந்தக் கதைக்கு முடிவு உண்டா?" என்று வினவுவதே பயனுடையது. முடிவுள்ள கதைக்கு எல்லை வகுப்பதும் எளிது. மணிக்கூட்டைக் காட்டிப் போரின் நடுவே எழுப்புவதைவிட, ஓர் இயல் முடிந்ததும் நிறுத்துவதென முன்னரே உடன்படலாம்.

வயதெல்லையையும் நாம் கவனித்தாக வேண்டும். விளையாட்டின் உறையில் அச்சிடப்பட்ட ‘எம்’ என்ற ஆங்கில எழுத்து, அது 17 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்குரியது என்பதைக் குறிக்கும். இனி நாம் எடுத்துக்காட்டும் ‘எல்டன் றிங்’, ‘விச்சர்’ ஆகிய இரண்டும் அவ்வகையின. மேல்வகுப்பு மாணவருக்கும் பெற்றோருக்குமாகவே அவற்றைக் குறிப்பிடுகிறோம். சிறுவர்க்கு அவை உரியன அல்ல.

ஜப்பானில் உருவாகி 2022 இல் வெளிவந்த ‘எல்டன் றிங்’ விளையாட்டுக்கு 2024 யூன் மாதத்தில் விரிவாக்கம் வந்தது. முதற்கதையின் கொடிய எதிரிகள் இருவரை வென்றவரே அதனுள் புகமுடியும். புகுந்தவரோ திகைத்தனர். பழைய நாட்டில் ஈட்டிய வலிமை புதிய நாட்டில் போதவில்லை. அந்நிலத்தில் சிதறிக் கிடக்கும் மரத்துணுக்குகளைத் தேடிச் சேர்த்தால்தான் அங்கே வலிமை பெருகும். அவ்வலிமையும் அந்நிலத்துக்கு மட்டுமே உரியது. மாணவச் செல்வங்களே, இவ்விதியை உங்கள் பெற்றோரிடம் சொல்லிப் பாருங்கள். பட்டமும் பதவியும் பெற்றிருந்தும், இந்நாட்டில் வந்திறங்கியபோது அவை செல்லாத நாணயமாக, தொழிற்சாலையிலும் உணவகத்திலும் முதற்படியிலிருந்து தொடங்கியவர்கள் நம்மிடையே பலர். நீங்கள் திரையில் சில வாரங்கள் பயின்ற பாடத்தை அவர்கள் வாழ்வில் பல்லாண்டுகள் பயின்றனர். இவ்வளவு பொருந்திய பேச்சுப்பொருள் ஒன்று ஒரே கூரையின் கீழ் இருந்தும், பேசப்படாமலே போவது பெரிய இழப்பு.

மொழியின் இழப்பு இதனினும் பெரிது. இத்தகைய கதையொன்றை முடிக்கும் பிள்ளை ஒரு பெருநாவலை ஆங்கிலத்தில் வாசித்து முடித்தவருக்கு நிகர். அதன் உள்ளத்தைப் பெரிதும் அசைத்த துரோகமும் தியாகமும் ஆங்கிலத்திலேயே அங்கு தங்கிவிடுகின்றன. நம் வகுப்பறையில் அப்பிள்ளை கற்கும் தமிழோ காய்கறிகளின் பெயரோடும் கிழமைகளின் பெயரோடும் நின்றுவிடுகிறது. வாள், கேடயம், அகழி, சூழ்ச்சி, சாபம், வரம், பாதாளம், கூடுவிட்டுக் கூடு பாய்தல் என்று இவ்வகைக் கதைக்கு வேண்டிய சொற்கள் தமிழில் கொட்டிக் கிடக்கின்றன. தன் மனத்துக்கு நெருக்கமானதைச் சொல்ல உதவாத மொழியைப் பிள்ளை எதற்காகக் காத்து வைத்திருக்கும்?

பிற இனத்தார் செய்ததைப் பார்ப்போம். ‘விச்சர்’ விளையாட்டுகள் போலந்து எழுத்தாளர் அன்ஜேய் சப்கோவ்ஸ்கியின் கதைகளிலிருந்து பிறந்தவை. அவற்றுள் மூன்றாவதற்கு 2015 இல் வந்த ‘ஹார்ட்ஸ் ஒவ் ஸ்ரோன்’ என்ற விரிவாக்கத்தில், சாத்தானிடம் தன் ஆன்மாவை விற்ற பான் ட்வார்டோவ்ஸ்கி என்ற மந்திரவாதியின் நாட்டார் கதை சாயலாக இழைக்கப்பட்டுள்ளது. போலந்துப் பாட்டிமார் சொன்ன கதை இவ்வாறு உலகெங்கும் சென்றது. விக்கிரமாதித்தனின் தோளில் அமர்ந்து, ஒவ்வொரு கதையின் முடிவிலும் வினா எழுப்பி, அவன் விடை சொன்னதும் முருங்கைமரம் ஏறிவிடும் வேதாளத்தைவிடச் சிறந்த விளையாட்டு அமைப்பு வேறென்ன வேண்டும்? கழுமரம் ஏறும் காத்தவராயனும், பழையனூர் நீலியும் இன்னும் தம் விளையாட்டுக்காகக் காத்திருக்கின்றனர்.

இது கனவு மட்டுமன்று என்பதற்கு நம் நகரிலேயே சான்றுண்டு. ரொறன்ரோவில் இயங்கும் விசை கேம்ஸ் நிறுவனம் 2023 யூலையில் ‘வெண்பா’ என்ற விளையாட்டை வெளியிட்டது. அது வாளேந்திய கதையன்று. 1980களில் கனடாவுக்கு வந்த தமிழ்க் குடும்பமொன்றின் சமையற்கட்டில் நடப்பது. தாயின் சிதைந்த சமையற்குறிப்பேட்டில் விடுபட்டவற்றை விளையாடுவோர் ஊகித்து நிரப்பவேண்டும். அச்சிறு படைப்பு 2024 இல் பிரித்தானியத் திரைப்பட, தொலைக்காட்சிக் கலைக்கழகத்தின் சிறந்த அறிமுக விளையாட்டுக்கான விருதையும், சுயாதீன விளையாட்டுகளுக்கான விழாவின் பெரும்பரிசையும் வென்றது. யாப்பின் பெயரைத் தாங்கிய தமிழ்க் கதையொன்றை உலகம் கொண்டாடியது.

எனவே அன்பார்ந்த பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். வார இறுதி வகுப்பு முடிந்து வீடு திரும்பும் வழியில், அந்த வாரம் விளையாடிய பகுதியின் கதையைத் தமிழில் சொல்லும்படி பிள்ளையைக் கேளுங்கள். பத்து நிமிடம் போதும். இடையிடையே பிழை திருத்தாது கேளுங்கள். சொல் தடைப்படும்போது மட்டும் எடுத்துக்கொடுங்கள். கதை சொல்வது இன்னொரு பரீட்சையாகிவிடலாகாது.

மாணவச் செல்வங்களுக்கும் ஒன்று சொல்வோம். நீங்கள் நேசிக்கும் கற்பனை நாட்டுக்கு நீங்களே ஒரு கிளைக்கதை எழுதுங்கள். முதற்கதையில் விடை கிடைக்காத வினா ஒன்றைத் தேர்ந்து, ஒரு பக்க அளவில், உங்களுக்குத் தெரிந்த தமிழில் எழுதுங்கள். சாத்தனார் தொடங்கியதும் அத்தகையதொரு வினாவிலிருந்தே. அடுத்த ஆண்டு மலரின் பக்கங்கள் அக்கதைகளால் நிறையட்டும்!