வீடு அவள் பெயரில், கையெழுத்து எங்கே?

கல்முனையிலிருந்து கிட்டங்கித் தாம்போதியைக் கடந்தால் சவளக்கடை வரும். கிழக்கே கரையோர முஸ்லிம் ஊர்கள், மேற்கே, 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தோடு எழுந்த கொளனிகள், சுற்றிலும் வயல். தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழும் இந்தப் பகுதியிலிருந்து இன்று முஸ்லிம் பெண் பிள்ளைகள் பஸ் ஏறி ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குப் போய்ப் பட்டம் பெற்று வருகிறார்கள். பட்டதாரியாகி வீட்டுக்கு வரும் பிள்ளையிடம் ஊர் இரண்டு கேள்வி கேட்கிறது. ஒன்று வேலை, மற்றது கல்யாணம். இரண்டாவதில்தான் அவள் தடுமாறுகிறாள். உம்மா வாப்பாவின் சொல் ஒரு பக்கம், படித்ததும் கண்டதும் மறுபக்கம்.

அந்தத் தடுமாற்றத்தைப் பழமைக்கும் புதுமைக்கும் நடக்கும் சண்டை என்று சொல்லி முடித்துவிடுகிறோம். கிழக்கின் வரலாறு அவ்வளவு எளிதாகப் பிரிந்து கிடக்கவில்லை.

இந்தக் கரையில் குடி என்னும் வம்சப் பிரிவு தாய்வழி வருவது. உம்மா எந்தக் குடியோ பிள்ளையும் அந்தக் குடி. பள்ளிவாசல் நிருவாகத்தில் குடிக்கொரு மரைக்காயர் இருந்ததும் அதனால்தான். இந்த ஒழுங்கை முஸ்லிம்களும் தமிழரும் நூற்றாண்டுக் கணக்கில் பகிர்ந்து வந்திருக்கிறார்கள். கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவார். வீடும் வளவும் சீதனமாக மகள் பெயருக்கு எழுதப்படும். முஸ்லிம் வாரிசுரிமைச் சட்டப்படி மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒன்று. ஆனால் பெற்றோர் உயிரோடிருக்கும்போதே உறுதி முடித்துக் கொடுப்பதால் குடும்பத்தின் பெரிய சொத்தாகிய வீடு மகளிடம் சேர்ந்துவிடும். புருஷன் கைவிட்டாலும் கூரை அவளுடையது. உலகின் பல மூலைகளில் பெண்கள் போராடிக் கேட்ட உரிமை இது. இங்கே அதற்கு வழக்கம் என்று பெயர்.

2004 டிசம்பர் 26இல் சுனாமியாகக் கடல் வந்தது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருதுக் கரையோர வளவுகள் அடையாளம் தெரியாமல் போயின. புதுவீடு கட்டிக்கொடுக்க வந்த அரசின் படிவம் ‘குடும்பத் தலைவர்’ யார் என்று கேட்டது. பல இடங்களில் அந்தக் கட்டத்தில் ஆணின் பெயர் ஏறியது. தாய்வழி வந்த வளவுக்கு ஈடான வீடு கணவன் பெயருக்குப் போனது. பெண்ணுக்கு வழக்கம் கொடுத்திருந்ததை நவீன நிருவாகம் ஒரே பேனாக்கோட்டில் எடுத்துவிட்டது. புதியதெல்லாம் விடுதலை என்று நம்பும் பட்டதாரி இதை ஒருமுறை நின்று பார்க்க வேண்டும்.

பழையதெல்லாம் புனிதம் என்போருக்கு வேறொரு ஏடு இருக்கிறது. 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் மணப்பெண்ணின் கையெழுத்தைக் கேட்கவில்லை. வலி எனும் ஆண் காப்பாளரின் கையெழுத்து போதும் என்றது. 12 வயதுக்குக் குறைந்த சிறுமிக்கும் காதி எனும் முஸ்லிம் விவாக நீதிபதியின் அனுமதியோடு விவாகம் பதியலாம் என்றது. காதியாக ஆண் மட்டுமே இருக்கலாம் என்றது. ஆக, உறுதியில் வீட்டுக்காரியாகக் கையெழுத்திடும் பெண்ணுக்குத் தன் நிக்காஹ் பதிவில் கையெழுத்திட இடமில்லை. இந்தச் சட்டத்தை ஆராய நீதியரசர் சலீம் மர்சூஃப் தலைமையில் 2009இல் அமைந்த குழு, 2018 ஜனவரியில்தான் அறிக்கை கொடுத்தது. அதுவும் இரண்டாகப் பிளந்து, இரு வேறு பரிந்துரைகளோடு. அந்த ஒன்பது ஆண்டுகளில் எத்தனை பிள்ளைகள் மணமேடை ஏறினார்களோ, அவர்களுக்காக யாரும் காத்திருக்கவில்லை.

ஆண் பட்டதாரியும் இதில் அகப்பட்டவன்தான். அவன் பட்டம் கல்யாணச் சந்தையில் விலையாகிறது. தங்கச்சிக்கு வீடு கட்டக் கட்டாருக்கோ சவூதிக்கோ போய் உழைக்கிறான். அந்தப் பாரத்தை இறக்கத் தானும் ஒரு வாப்பாவிடம் கைக்கூலி வாங்குகிறான். 1951ஆம் ஆண்டுச் சட்டம் கைக்கூலியை மணமகளின் பயனுக்காக மணமகனிடம் கொடுக்கப்படும் பணம் என்றே வரையறுக்கிறது. நடைமுறையில் அது மாப்பிள்ளை வீட்டாரின் வரவாகிப்போனது. மணமகளுக்கு மஹர் கொடுத்து மணக்கச் சொன்ன மார்க்கத்தின் பெயரால் கல்யாணம் நடக்கிறது. பணமோ எதிர்த்திசையில் போகிறது. மகளுக்குக் காவலாகத் தொடங்கிய சீதனம் வாப்பாவின் கழுத்தில் கடனாகத் தொங்குவதைப் பார்த்தும் அதை மரபு என்று வணங்க முடியாது.

மரபு இங்கே ஒருபோதும் அசையாமல் நின்றதுமில்லை. மூத்தம்மா சேலை முந்தானையால் முக்காடிட்டாள். பேத்தி அபாயா அணிகிறாள். இரண்டையும் அவரவர் காலம் மார்க்க ஒழுக்கம் என்றே மதித்தது. 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கிய சித்தி லெப்பை, பெண் பிள்ளைகளும் படிக்க வேண்டும் என்று வாதாடியபோது அது அந்நியப் பேச்சாகத் தோன்றியது. போர்க்காலத்தில் மற்றப் பல்கலைக்கழகங்களுக்குப் போகவர அஞ்சிய பிள்ளைகளுக்காக 1995இல், அன்றைய அமைச்சர் எம்.எச்.எம். அஷ்ரஃபின் முயற்சியால், தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டே அது பல்கலைக்கழகமானது. வாசலுக்கு வந்த கல்வியைப் பெரும்பாலான வாப்பாமார் மறுக்கவில்லை. மகளைப் படிக்க அனுப்புவதே இன்று ஊர் வழக்கம். ஒரு தலைமுறைக்குள் புதுமை மரபாகிவிட்டது.

ஆகவே பட்டதாரிப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டியது இதுதான்: எதையும் அதன் வயதை வைத்து எடுக்காதே, தள்ளாதே. இதனால் யாருக்குக் காவல், யார் தலையில் சுமை என்று கேள். மகளுக்கு வீடு என்ற வழக்கம் நிற்கட்டும், கைக்கூலி போகட்டும். அரசு தரும் வீட்டு உறுதியில் அவள் பெயரும் இருக்கட்டும். விவாகத்துக்கு 18 வயது, பதிவில் மணமகளின் கையெழுத்து, காதி ஆசனத்தில் தகுதியுள்ள பெண்ணுக்கும் இடம் என்பவை சட்டமாகட்டும்.

இந்தக் கோரிக்கை வெளியிலிருந்து வந்தால் ஊர் கதவைச் சாத்தும். சந்தேகத்தோடு பார்க்கப்பட்டு நொந்த சமூகம் அது, 2019 ஈஸ்டர் குண்டுத் தாக்குதல்களுக்குப் பிறகு இன்னும் அதிகமாக. குடியும் குர்ஆனும் தெரிந்த சொந்தப் பிள்ளை உம்மா வாப்பாவுக்கு முன்னும் பள்ளிவாசல் நம்பிக்கையாளர்களுக்கு முன்னும் இருந்து பேசினால் கேட்கும். தடுமாறும் பட்டதாரி ஊரைவிட்டு ஓடவும் வேண்டாம், வாயடைத்து இருக்கவும் வேண்டாம். இரண்டு பக்கமும் தெரிந்தவர் என்பதால்தான் இந்தப் பேச்சைத் தொடங்கும் தகுதி அவருக்கு இருக்கிறது. பெரியவர்கள் செய்ய வேண்டியது, அவரைப் பேச விட்டுச் செவிகொடுப்பது.