மாத்திரைப் பையோடு ஒரு நாயும் வரட்டும்

பெருமதிப்பிற்குரிய காஞ்சிபுரம் மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்களுக்கு,



உத்திரமேரூர் வட்டாரக் கிராமங்களில் தனியாக வாழும் முதியவர்களுக்காக இந்த மடலை எழுதுகிறேன். இதில் கேட்கப்படுவது பெரிய நிதி ஒதுக்கீடு அல்ல. தங்கள் கீழ் இயங்கும் இரண்டு துறைகள் ஒரு மேசையில் உட்கார்ந்து பேச வேண்டும். அதற்குத் தாங்கள் ஓர் உத்தரவு போட வேண்டும். அவ்வளவுதான்.

மானாம்பதி, சாலவாக்கம், களியாம்பூண்டி என்று எந்த ஊருக்கு வேண்டுமானாலும் ஒரு வேலைநாளில் முற்பகல் பதினொரு மணிக்குப் போய்ப் பாருங்கள். இளவட்டங்களை ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் கம்பெனி பஸ் ஏற்றிக்கொண்டு போய்விட்டிருக்கும். கொஞ்சம் வசதி வந்தவர்கள் சென்னையிலேயே குடும்பத்தோடு தங்கிவிட்டார்கள். அரசின் ஊரக வேலைக்குப் போக முடிந்தவர்களும் போயிருப்பார்கள். அதற்கும் உடம்பில் தெம்பில்லாதவர்கள்தான் திண்ணைகளில் மிச்சம். இவர்களுக்கு முதியோர் உதவித்தொகை வருகிறது. ரேஷன் அரிசி வருகிறது. சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் மாத்திரை வீடு தேடியே வருகிறது. பேச ஆள் மட்டும் வருவதில்லை.

இதைக் குடும்ப விவகாரம் என்று ஒதுக்கிவிட முடியாது. உலக சுகாதார நிறுவனம் அமைத்த ஆணையம் 2025 ஜூன் மாதம் வெளியிட்ட அறிக்கையில், உலகில் ஆறில் ஒருவரைத் தனிமை வாட்டுவதாகவும், ஆண்டுக்குச் சுமார் 8,71,000 மரணங்களுக்கு அதனோடு தொடர்பு இருப்பதாகவும் கணக்கிட்டது. தனிமையால் கூடும் நோய்கள் என்று அது சொல்வது எவற்றைத் தெரியுமா? பக்கவாதம், இதய நோய், நீரிழிவு, மனச்சோர்வு, நினைவு மங்குதல். இவற்றில் பலவற்றுக்குத்தான் நம் அரசு வீட்டு வாசலில் மருந்து கொடுத்துக்கொண்டிருக்கிறது. நோய்க்கு மாத்திரை கொடுக்கிறோம். நோயை வளர்க்கும் ஒரு காரணத்தை அதே வீட்டுக்குள் விட்டுவிட்டுத் திரும்பி வருகிறோம். மக்கள்தொகைக் கணிப்பின்படி 2031இல் தமிழ்நாட்டில் நூறு பேரில் 18 பேர் அறுபது வயதைத் தாண்டியிருப்பார்கள். வேலைக்கு ஊரை விட்டுப் பிள்ளைகள் கிளம்பிவிட்ட கிராமங்களில் அந்த விகிதம் இன்னும் கூடுதலாகவே இருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இந்தத் தனிமையைக் குறைக்க மருத்துவமனைகளிலும் முதியோர் இல்லங்களிலும் உலகம் பல காலமாகக் கையாளும் ஒரு வழி உண்டு. குணமறிந்து, சோதித்து, தடுப்பூசி போட்ட பிராணிகளைத் தன்னார்வலர்கள் நோயாளிகளிடம் அழைத்துப் போவது. நீண்ட நாள் நோயாளிக்குச் சிறு பிராணி ஒன்று நல்ல துணை என்று பிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1859இலேயே செவிலியர் பணி பற்றிய தன் நூலில் எழுதினார். ஆசியாவில் 1991இல் ஹாங்காங்கில் விலங்கு நல ஆர்வலர் ஜில் ராபின்சன் தன் நாய் மேக்ஸைக் குழந்தைகள் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றபோது ‘டாக்டர் டாக்’ என்ற திட்டம் பிறந்தது. அது நமக்குத் தூரத்துக் கதையும் அல்ல. சென்னையில் ப்ளூ கிராஸ் விலங்கு நல அமைப்பு அதே பெயரில் அதே பணியைப் பல ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கி, சிறப்புக் குழந்தைகளிடம் நாய்களை அழைத்துப் போனது. சென்னையிலிருந்து உத்திரமேரூர் நூறு கிலோமீட்டருக்கும் குறைவு. நகரத்துப் பிள்ளைகளுக்குக் கிடைத்தது கிராமத்துப் பாட்டிகளுக்கு ஏன் இன்னும் எட்டவில்லை என்பதே என் கேள்வி.

‘நாயோடு வருகிற மனிதர் பேசுவதால்தானே ஆறுதல் கிடைக்கிறது, நாய் எதற்கு?’ என்று அதிகாரிகள் கேட்கலாம். நியாயமான கேள்வி. மரியன் பேங்க்ஸ், வில்லியம் பேங்க்ஸ் என்ற ஆய்வாளர்கள் அமெரிக்காவில் முதியோர் இல்லங்களில் இதைத்தான் ஆராய்ந்து 2005இல் வெளியிட்டார்கள். சிலர் நாயோடு தனியாக நேரம் கழித்தார்கள். சிலர் மற்ற முதியவர்களோடு சேர்ந்து கூட்டமாக. தனியாக இருந்தவர்களுக்கே தனிமை உணர்வு அதிகம் குறைந்தது. பலனில் பெரும்பங்கு அந்தப் பிராணியிடமிருந்தே வந்தது என்பதுதான் இதன் பொருள். இந்தத் துறை ஆய்வுகள் பலவும் சிறியவை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நாய் வந்தால் மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லமாட்டேன்.

ஆனால் ஆய்வுத்தாளைத் தேடிப் போகாமலே இதைப் பார்க்கலாம். உத்திரமேரூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில், சுகாதாரத் தன்னார்வலர் ஒரு பாட்டிக்கு ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தபோது நானும் கூட இருந்தேன். தலைவலி உண்டா, மயக்கம் வருதா, மாத்திரை வேளைக்குப் போடுறீங்களா என்ற எல்லாக் கேள்விக்கும் தலையாட்டல்தான் பதில். அதற்குள் பக்கத்து வீட்டு வெள்ளாட்டுக்குட்டி ஒன்று திண்ணையில் ஏறி, பாட்டியின் முந்தானை நுனியைச் சப்பத் தொடங்கியது. ‘ஏண்டி, இப்பதானே அகத்திக்கீரை தின்ன? உங்கம்மா பாலு கொடுக்கலையா? இரு, இந்தப் பொண்ணு போகட்டும்’ என்று பாட்டி ஆரம்பித்தவர் நிறுத்தவேயில்லை. பட்டை கட்டாத கை குட்டியின் கழுத்தடியைச் சொறிந்துகொண்டே இருந்தது. ‘எங்கிட்ட ரெண்டு வார்த்தை பேசாது சார். இதுகிட்ட பொழுதன்னிக்கும் பேசும்’ என்றார் தன்னார்வலர். பாட்டி முன்பு இரண்டு கறவை மாடு வைத்திருந்தவராம். முட்டி தேய்ந்த பிறகு விற்றுவிட்டார்கள். மாட்டை விற்றபோது பால் வருமானம் போனதாகத்தான் வீட்டில் கணக்குப் பார்த்திருப்பார்கள்.

விதவைகளுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் அரசே ஆடு கொடுத்திருக்கிறது, கோழிக்குஞ்சு கொடுத்திருக்கிறது. வாழ்வாதாரம் என்ற தலைப்பில் மட்டுமே அந்தக் கோப்புகள் நகர்ந்தன. அந்த ஆடு அவர்களுக்குத் துணையாகவும் இருந்தது என்பதை எந்தப் படிவமும் கேட்டதில்லை.

அதற்காக ஆளுக்கொரு நாய்க்குட்டி கொடுங்கள் என்று கேட்கவில்லை. அது தவறான யோசனை. எழுபத்தைந்து வயதுக்காரர் ஆஸ்பத்திரியில் படுத்தால் அந்த ஜீவனுக்கு யார் சோறு வைப்பது? குனிய முடியாதவர் காலுக்குள் குட்டி ஓடினால் இடுப்பெலும்பு என்ன ஆவது? வேறொருவர் பொறுப்பில் வளர்கிற பிராணி வாரம் ஒரு முறை வந்து போவதே முதியவருக்கும் நல்லது, பிராணிக்கும் நல்லது.

அப்படி வந்து போக ஒரு வழியும் ஏற்கெனவே இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய, வீடு தேடி மாத்திரை தரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2024இல் ஐ.நா. விருதும் பெற்றது. மகளிர் சுகாதாரத் தன்னார்வலர், இயன்முறை மருத்துவர், வலி நிவாரணச் செவிலியர் என்று வீட்டுக்குள் நுழையும் நம்பிக்கையை சம்பாதித்துவிட்ட ஓர் அணி அதில் இருக்கிறது. எந்த வீட்டில் யார் தனியாக இருக்கிறார் என்பது அவர்களுக்கு மனப்பாடம். பிராணியோடு தன்னார்வலர் ஒருவரும் அவர்களோடு சேர்ந்து வரட்டும். பக்கவாதத்தில் கை விழுந்தவரைத் தோளைத் தூக்கச் சொல்லி இயன்முறை மருத்துவர் மன்றாட வேண்டியிருக்கிறது. நாயின் முதுகை பிரஷ்ஷால் வாரிவிடச் சொன்னால் தோளும் மணிக்கட்டும் தாமாகவே அசையும்.

பிராணியைத் தேர்ந்தெடுக்கும் வேலை கால்நடைப் பராமரிப்புத் துறையுடையது. நாய் என்றால் ஒரு வயது நிறைந்திருக்க வேண்டும். அந்நியர் காதைப் பிடித்து இழுத்தாலும் பாதத்தைத் தொட்டாலும் பொறுக்க வேண்டும். பின்னால் எவர்சில்வர் தட்டு விழுந்தால் திடுக்கிட்டாலும் உடனே அமைதியாக வேண்டும். கைத்தடியோடு வருபவரைப் பார்த்துக் குரைக்கக் கூடாது. கீழே கிடக்கும் சோற்றை, வேண்டாம் என்றால் விட வேண்டும். இதில் ஜாதி நாய் என்ற பேச்சே கிடையாது. நம் வீடுகளில் வளரும் நாட்டு நாய்களில் இந்தக் குணமுள்ளவை ஏராளம். நாய்தான் வேண்டும் என்பதுமில்லை. மாட்டோடு வாழ்ந்தவருக்கு ஒரு சாதுவான கன்றோ ஆட்டுக்குட்டியோ போதும். ஒரு வருகை ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. நாய் அடிக்கடி கொட்டாவி விட்டால், உதட்டை நக்கினால், முகத்தைத் திருப்பிக்கொண்டால், போதும் என்கிறது என்று பொருள். அந்தப் பேச்சு புரிகிறவர்தான் கயிற்றைப் பிடிக்க வேண்டும்.

வெறிநாய்க்கடி அச்சத்தில் மக்கள் இருக்கும் நேரம் இது. தெருநாய்ப் பிரச்சினை 2025இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. இந்தச் சூழலில் நாயை வீட்டுக்குள் அழைத்துப் போகச் சொல்வதா என்று கேட்பவர்களின் பயம் உண்மையானது. அதனால்தான் விதிகள் இறுக்கமாக இருக்க வேண்டும் என்கிறேன். ஆண்டுதோறும் ரேபிஸ் தடுப்பூசி, குடற்புழு நீக்கம், கால்நடை மருத்துவரின் சான்று, நகம் வெட்டிக் குளிப்பாட்டிய உடம்பு, தொடுவதற்கு முன்னும் பின்னும் கை கழுவுதல். ஆறாத புண் உள்ளவர், புற்றுநோய் மருந்து ஏறுகிறவர், ஒவ்வாமை உள்ளவர் வீட்டுக்குப் போகக் கூடாது. ‘எனக்குப் பயம், வேண்டாம்’ என்று முதியவர் சொன்னால் அதோடு முடிந்தது. இன்னொரு நன்மையும் உண்டு. தடுப்பூசி போட்டு, பழக்கி, பொறுப்போடு வளர்த்த நாய் எப்படி இருக்கும் என்று ஊர் கண்ணால் பார்க்கும். துண்டறிக்கைகள் செய்யாததை அது செய்யும்.

வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைத் தேர்தல் விதிகள் ஆயிரத்து நூறு ஆண்டுகளாக நிற்கிற ஊர் உத்திரமேரூர். ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம் என்று வைத்து, யார் உறுப்பினராகலாம், யார் கூடாது என்பதைக் கல்லில் வெட்டி வைத்தவர்கள் நம் முன்னோர். எனவே யாருடைய பிராணி வரலாம், யார் அழைத்து வரலாம் என்ற இறுதி ஒப்புதலைக் கிராம சபையிடமே விடுங்கள். மேலிருந்து திணித்தால் ஒரு புகைப்படத்தோடு முடிந்துவிடும்.

ஐயா / அம்மையீர், சுகாதாரத் துறையின் மாவட்ட அலுவலரையும் கால்நடைப் பராமரிப்புத் துறையின் இணை இயக்குநரையும் ஒருநாள் தங்கள் அலுவலகத்துக்கு அழையுங்கள். உத்திரமேரூர் ஒன்றியத்தில் ஐந்து ஊராட்சிகளைத் தேர்ந்தெடுத்து ஆறு மாதம் நடத்திப் பார்க்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு வருகைக்கும் முன்னும் பின்னும் முதியவரின் ரத்த அழுத்தம், தூக்கம், சாப்பாடு ஆகியவற்றைத் தன்னார்வலரின் பதிவேட்டிலேயே குறிக்கச் சொல்லுங்கள். பலன் இல்லையென்றால் நிறுத்திவிடலாம், நட்டம் ஒன்றுமில்லை. வரும் கிராம சபைக் கூட்டத்தின் பொருள்பட்டியலில் இதைச் சேர்க்க உத்தரவிடும்படி பணிவோடு வேண்டிக்கொள்கிறேன்.