அடிபடுகிறவளுக்கே அபராதமா?

சைக்கிள் ஓட்டுகிற எல்லாருக்கும் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்க வேண்டும், போடாதவர்களுக்கு அபராதம் விதிக்க வேண்டும், அதைத் திருச்சியிலிருந்தே தொடங்கலாம் என்று சென்ற இதழில் ஒருவர் எழுதியிருக்கிறார். கட்டுரையில் வரிக்கு வரி சைக்கிள்காரர்களின் அலட்சியம் பேசப்படுகிறது. அவர்களை இடித்துத் தள்ளும் வண்டிகளைப் பற்றி ஒரு பத்திகூட இல்லை. காவிரிப் பாலத்தில் காலை எட்டரை மணிக்குச் சைக்கிள் மிதித்துப் போகிறவர்கள் யார் யார் என்று ஒரு நாளாவது நின்று பார்த்தவர் இப்படி எழுதியிருக்க மாட்டார்.

ஒத்துக்கொள்ள வேண்டியதை முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன். தலைக்கவசம் தலையைக் காக்கும். 2016இல் ஆலிவியர், கிரைட்டன் என்ற இரண்டு ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் நாற்பது ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். அவற்றில் அடிபட்ட சைக்கிள்காரர்கள் 64,000 பேருக்கு மேல். தலைக்கவசம் போட்டிருந்தவர்களுக்குத் தலையில் பலத்த காயம் ஏற்படும் வாய்ப்பு ஏறத்தாழ 70 சதவீதம் குறைவு என்று கண்டார்கள். இதை நான் மறுக்கவில்லை. வாங்க வசதியுள்ளவர்கள் வாங்கிப் போடட்டும். பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்கட்டும். ஆனால் அந்த ஆய்வு கணக்கில் எடுத்தது ஏற்கெனவே அடிபட்டவர்களை. அடிபட்ட பிறகு யாருக்குக் காயம் குறைவு என்பதைத்தான் அது சொல்கிறது. தலையில் கவசமில்லாத பிள்ளையை நிறுத்தி ரசீது கிழித்தால் ஊருக்கு என்ன ஆகும் என்று அது சொல்லவில்லை, சொல்லவும் வரவில்லை. கட்டுரையாளர் முதலாவதைக் காட்டி இரண்டாவதை நிறுவிவிட்டதாக நினைக்கிறார். இது வாதமே இல்லை.

அவருடைய பெரிய ஆயுதம் இருசக்கர வாகனச் சட்டம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆவது பிரிவு தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியது; சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி கிருபாகரன் பிறப்பித்த உத்தரவால் 2015 ஜூலை 1 முதல் தமிழ்நாட்டில் அது கண்டிப்பாக நடைமுறைக்கு வந்தது; இப்போது அபராதம் ஆயிரம் ரூபாய். பைக்குக்குச் சரியென்றால் சைக்கிளுக்கு ஏன் கூடாது என்று கேட்கிறார். பைக் ஓட்டுகிறவர் கையில் என்ஜின் இருக்கிறது. அறுபது, எழுபது கிலோமீட்டர் வேகத்தை அவரே உண்டாக்குகிறார். அதனால்தான் அவருக்கு லைசென்ஸ், நம்பர் பிளேட், காப்பீடு எல்லாம். சைக்கிளில் போகிறவர் சாதாரணமாக மிதித்தால் பதினைந்து கிலோமீட்டர். அவரால் யாரும் சாவது மிக அபூர்வம். மோட்டார் இல்லாத வண்டி என்பதால்தான் சைக்கிள் அந்தச் சட்டத்துக்குள்ளேயே வரவில்லை. இந்த வேறுபாட்டைச் சட்டம் எழுதியவர்கள் புரிந்துவைத்திருந்தார்கள்.

சைக்கிள் தலைக்கவசம் எதற்காகச் செய்யப்படுகிறது என்பதும் அவருக்குத் தெரியவில்லை. ஐரோப்பாவில் அதைச் சோதிக்கும் ஈ.என். 1078 என்ற தரவிதிப்படி, ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழும் வேகத்தில் தட்டையான இரும்பில் மோதிப் பார்க்கிறார்கள். மணிக்கு இருபது கிலோமீட்டருக்கும் சற்றுக் குறைவான வேகம் அது. சைக்கிளிலிருந்து தானாகச் சறுக்கி விழுந்தால் அது உதவும். உள்ளே இருப்பது நாம் தெர்மாகோல் என்று சொல்கிற அதே நுரைப் பொருள். ஐம்பது கிலோமீட்டரில் வரும் பஸ்ஸின் பம்பருக்கோ, திரும்பும் லாரியின் பின்சக்கரத்துக்கோ அது ஈடு கொடுக்காது. நடந்து போகிறவர் மேல் முப்பது கிலோமீட்டருக்குள் ஒரு கார் மோதினால் பத்தில் ஒன்பது பேர் பிழைப்பார்கள், நாற்பத்தைந்தைத் தாண்டினால் பாதிப் பேர்கூடத் தேற மாட்டார்கள் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்லி வருடங்கள் ஆகின்றன. சைக்கிளில் போகிறவரின் உடம்புக்கும் அதைவிட அதிகப் பாதுகாப்பு கிடையாது. உயிர் போவதும் நிற்பதும் வண்டியின் வேகத்தைப் பொறுத்தது. அந்த வேகத்தைப் பற்றித்தான் கட்டுரையாளர் வாயே திறக்கவில்லை.

பாலத்துக்கு வருவோம். சிந்தாமணியையும் மாம்பழச்சாலையையும் இணைக்கும் இந்தக் காவிரிப் பாலம் 1976இல் திறக்கப்பட்டது. அன்றைய போக்குவரத்து வேறு, இன்றையது வேறு. இணைப்புகள் விரிந்துபோய் 2022இல் மூடிப் பழுதுபார்த்து 2023 மார்ச்சில் திறந்துவிட்டார்கள். திறந்த பிறகும் சைக்கிளுக்கு அதில் இடம் எங்கே? ஒன்றாம் நம்பர் பஸ்கள் ஒன்றையொன்று முந்தும்போது இடது ஓரத்தில் மிஞ்சுவது ஒரு முழ அகலம். அதில் மணல் படிந்திருக்கும். பக்கத்தில் கைப்பிடிச் சுவர். பின்னாலிருந்து ஏர்ஹார்ன் அடித்தால் ஒதுங்கக்கூட வழியில்லை. ஹேண்டில்பார் ஒரு ஆட்டம் ஆடினால் போதும். இதில் சைக்கிள்காரரின் அலட்சியம் எது?

அங்கே மிதித்துப் போகிற ஒரு பெண்ணைப் பாருங்கள். பதினொன்றாம் வகுப்புச் சீருடை, அரசு கொடுத்த சைக்கிள். முன்கூடையில் சாப்பாட்டுப் பை, கேரியரில் புத்தகப் பை, ஹேண்டில்பாரில் தண்ணீர் பாட்டில். இரட்டைச் சடையை மடித்துக் காதுக்குப் பின்னால் ரிப்பன் வைத்துக் கட்டியிருப்பாள்; பள்ளியில் அப்படித்தான் வரச் சொல்கிறார்கள். தலைக்கவசத்தின் வார் இறங்குவது சரியாக அந்த இடத்தில்தான். கவசம் உட்காராது, உட்கார்ந்தாலும் சாய்ந்து நிற்கும். சாய்ந்து நிற்கும் கவசம் விழும்போது உதவாது. பள்ளிக்குப் போய் அதை எங்கே வைப்பாள்? சைக்கிள் ஷெட்டில் தொங்கவிட்டால் சாயங்காலம் இருக்குமா? வெயில் காலத்தில் மத்தியானம் இரண்டு மணிக்குத் தேர்வு முடிந்து வரும்போது, திருச்சி வெயிலில் அந்தத் தலை என்ன பாடுபடும்? இத்தனை கேள்விகளில் ஒன்றுகூடக் கட்டுரையாளருக்கு எழவில்லை. அவருடைய மனத்தில் இருக்கும் சைக்கிள்காரர், ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கியர் சைக்கிளில் முக்கொம்பு வரை போய்விட்டு வருகிறவர். அவர் தலைக்கவசத்தோடுதான் போகிறார். யாரும் சொல்லாமலே போடுகிறார். அவரை வைத்துக்கொண்டு இந்தப் பெண்ணுக்குச் சட்டம் எழுதுவது அநியாயம்.

அரசு இலவசமாகக் கொடுக்கும் சைக்கிளோடு தலைக்கவசத்தையும் கொடுத்துவிட்டுப் பிறகு கட்டாயமாக்கலாமே என்று அவர் ஒரு வழி சொல்கிறார். கொடுக்கட்டும், நல்லதுதான். ஆனால் கொடுப்பது வேறு, இல்லையென்றால் தண்டிப்பது வேறு. 2001-02இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கு என்று தொடங்கி, பிறகு அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளிகளின் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாருக்கும் விரிந்த திட்டம் அது. ஒரு சைக்கிளுக்கு அரசுக்கு ஆகும் செலவு சுமார் ஐயாயிரம் ரூபாய். பைக்குக்கு உள்ள அதே ஆயிரம் ரூபாய் அபராதத்தைப் போட்டால், ஐந்து தடவை பிடித்தால் கொடுத்ததைத் திருப்பி வாங்கியாகிவிட்டது. இரண்டாவது தடவையே அப்பா என்ன சொல்வார்? "சைக்கிளும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம், வீட்டில் இரு." பெண் பிள்ளையை வீட்டோடு நிறுத்த நம் ஊரில் பெரிய காரணம் எதுவும் தேவைப்படுவதில்லை. சட்டமே ஒரு காரணத்தைக் கையில் கொடுக்க வேண்டுமா?

பக்கத்து மாவட்டத்தில் நடந்ததை அவர் மறந்திருக்கலாம். 1974 வரை திருச்சி மாவட்டத்தோடு இருந்த புதுக்கோட்டையில், 1991இல் ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் எழுதப் படிக்கக் கற்றுக் கொடுத்ததோடு பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுக் கொடுத்தது. கல் உடைக்கிறவர்கள், களை பறிக்கிறவர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், பூ விற்கிறவர்கள் என்று ஆயிரக்கணக்கில் பழகினார்கள். பெண்கள் சைக்கிள் கிடைக்காமல் ஆண்கள் சைக்கிளிலேயே, பாரைத் தாண்டிக் காலைப் போட்டு ஓட்டினார்கள். கேலி பேசியவர்களைப் பொருட்படுத்தவில்லை. 1992இல் மகளிர் தினத்தை ஒட்டி ஹேண்டில்பாரில் கொடி கட்டி, மணியடித்துக்கொண்டு ஆயிரத்து ஐந்நூறு பெண்கள் புதுக்கோட்டைக்குள் வந்தார்கள். தண்ணீர் எடுக்க, பிள்ளையைப் பள்ளியில் விட, விளைந்ததைச் சந்தைக்குக் கொண்டுபோக ஆண் துணைக்கும் பஸ்ஸுக்கும் காத்திருக்க வேண்டாம் என்ற நிலை அவர்களுக்கு வந்தது. அவர்களில் யாருக்காவது, முதலில் போய் இரண்டு நாள் கூலியில் ஒரு கவசம் வாங்கி வா, இல்லையென்றால் ரோட்டில் இறங்காதே என்று சொல்லியிருந்தால் அந்தப் பேரணி நடந்திருக்குமா? சைக்கிளின் பலமே அது எளியவர் கைக்கு எட்டுவதுதான். கட்டுரையாளர் கேட்கும் சட்டம் கைவைப்பது அந்தப் பலத்தில்.

வெளிநாட்டில் எல்லாரும் போடுகிறார்கள் என்பது அவருடைய இன்னொரு வாதம். எந்த வெளிநாடு? கட்டாயச் சட்டத்தை முதலில் கொண்டுவந்தது ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம், 1990இல். அதன்பின் மெல்போர்னில் எண்ணிப் பார்த்தபோது பதின்ம வயதுப் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுவதுதான் மிக அதிகமாகக் குறைந்திருந்தது. மெக்சிகோ நகரம் 2010இல் அந்தச் சட்டத்தை நீக்கியது. அமெரிக்காவில் சியாட்டில் நகரத்தை உள்ளடக்கிய கிங் கவுண்டி 2022இல் நீக்கியது. ஏன் தெரியுமா? அங்கே அபராதம் விகிதத்துக்கு மீறிப் போய் விழுந்தது வீடற்றவர்கள் மேலும் கறுப்பின மக்கள் மேலும். நெதர்லாந்தில் சாதாரணச் சைக்கிளுக்குக் கட்டாயம் இல்லவே இல்லை. 1971இல் அந்தச் சின்ன நாட்டில் மூவாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் சாலையில் செத்தார்கள். அவர்களில் நானூறுக்கு மேல் குழந்தைகள். மகளைப் பறிகொடுத்த ஒரு பத்திரிகையாளர் கொதித்து எழுதினார். தாய்மார்கள் தெருவில் இறங்கினார்கள். "குழந்தைக் கொலையை நிறுத்து" என்பதுதான் அவர்களுடைய இயக்கத்தின் பெயர். குழந்தைகளின் தலையில் எதையும் மாட்டச் சொல்லவில்லை. வண்டிகளை மெதுவாக்கச் சொன்னார்கள், சைக்கிளுக்குத் தனி வழி கேட்டார்கள், கிடைக்கும்வரை விடவில்லை.

நம் ஊரிலும் அபராதம் யார் மேல் விழும் என்று ஊகிக்க வேண்டியதில்லை, ஏற்கெனவே பார்த்திருக்கிறோம். நகராட்சி வில்லை இல்லை, விளக்கு இல்லை, டபுள்ஸ் போகிறாய் என்று சைக்கிளை மறித்துக் காற்றைப் பிடுங்கிவிட்ட காலம் ஒன்று இருந்தது. அன்று மாட்டிக்கொண்டவர்கள் மில்லுக்கு வேலைக்குப் போனவர்களும் பால்காரர்களும்தான். இந்தச் சட்டம் வந்தால் சாத்தார வீதிக்குப் பூ மூட்டை கொண்டுபோகிறவரும், காந்தி மார்க்கெட்டிலிருந்து கேரியரில் காய்கறி கட்டி வருகிறவரும், இரவு ஷிப்ட் முடித்து வரும் வாட்ச்மேனும் மாட்டுவார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

சாலையில் செத்தவர்களின் கணக்கையும் பாருங்கள். மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022இல் நாட்டில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் நடந்து போனவர்கள் மட்டும் 32,825. சைக்கிளில் போய் இறந்தவர்களைப்போல் பல மடங்கு. சமயபுரத்துக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் மேல் வண்டி ஏறிய செய்தியை எத்தனை முறை படித்துவிட்டோம்! கட்டுரையாளரின் நியாயப்படி மஞ்சள் உடுத்தி நடக்கும் அந்தப் பெண்களுக்கும் தலைக்கவசம் கேட்க வேண்டும். கேட்க மாட்டார். அங்கே குற்றம் வண்டியுடையது என்று அவருக்கும் தெரியும். காலுக்குக் கீழே இரண்டு சக்கரம் வந்ததும் அந்த நியாயம் எப்படி மாறும்?

செய்வதற்கு வேலை நிறைய இருக்கிறது, அதற்குப் புதுச் சட்டம்கூட வேண்டாம். சைக்கிள்காரர் உள்ளே சிக்காதபடி லாரிகளின் பக்கவாட்டில் தடுப்பு இருக்க வேண்டும் என்று மோட்டார் வாகன விதிகளில் எழுதியே இருக்கிறது. பால்பண்ணை சர்வீஸ் ரோட்டில் நின்று எத்தனை லாரியில் அது ஒழுங்காக இருக்கிறது என்று பார்க்கட்டும். பள்ளிகள் இருக்கும் சாலைகளில், காலையும் மாலையும் வேகத்தை முப்பதுக்குள் கட்டுப்படுத்தட்டும். ஸ்ரீரங்கத்தில் உத்திர வீதியிலும் சித்திரை வீதியிலும் சைக்கிள் போகும் ஓரத்தை அடைத்து நிற்கும் வேன்களை அப்புறப்படுத்தட்டும். பழைய காவிரிப் பாலத்துக்குப் பக்கத்திலேயே நூறு கோடிக்கு மேல் செலவில் புதுப் பாலத்துக்கு அரசு வேலை தொடங்கியது. அதில் பஸ் ஏற முடியாத கட்டையால் பிரித்து சைக்கிளுக்கென்று இரண்டு மீட்டர் ஒதுக்கச் சொல்லி நெடுஞ்சாலைத் துறைக்கும் மாநகராட்சிக்கும் மனு எழுத வேண்டும். கட்டுரையாளர் அந்த மனுவை எழுதட்டும், இரண்டாவது கையெழுத்து என்னுடையது. படிக்கிற நீங்களும் போடுங்கள்.