இடைவழியில் மாறும் விதியும் பகுதிநேர விமானியும்

விமானி உத்தியோகத்துக்குப் படிக்கும் இளைஞர் இரு வகையினர். தந்தையின் பணத்திலோ வங்கிக் கடனிலோ முழுநேரமாகப் பயிற்சிக் கல்லூரியில் அமர்ந்து படித்து முடிப்போர் ஒரு வகை. பகலில் பண்டகசாலையிலும் அலுவலகத்திலும் உழைத்து, இரவில் நூலை விரித்து, சனி ஞாயிறுகளில் மணி மணியாகப் பறப்பை விலைகொடுத்துச் சேர்ப்போர் மற்ற வகை. இலண்டனிலும் ஐரோப்பிய நகரங்களிலும் குடியேறிய நம்மவரின் பிள்ளைகளிலும் இவ்விரண்டாம் வகையினர் உளர். அவர்கள் பொருட்டு இங்கே தோட்டக் காணி ஈடு வைக்கப்படுவதும் உண்டென்பதை, ஈட்டு உறுதி எழுதும் தொழிலில் இருக்கும் நாம் அறிவோம். எனவே இது வெங்காயச் செய்கைக்கும் புகையிலைக்கும் தொடர்பில்லாத விடயமென்று எமது கமக்கார வாசகர் இத்தாளைப் புரட்டிவிட வேண்டா.

பறப்பு மணிக்கணக்கிலேயே வேற்றுமை தொடங்கிவிடுகின்றது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் முதலாம் இணைப்பு, வர்த்தக விமானி அநுமதிப்பத்திரத்துக்கு 200 மணி நேரப் பறப்பைக் கேட்கின்றது. அங்கீகரிக்கப்பட்ட தொடர்பயிற்சி ஒன்றினூடாக வந்தவர்க்கு 150 மணி போதும் என்கின்றது. ஒரே நிறுவனத்தின் இடையறாத மேற்பார்வைக்கு அளிக்கப்படும் மதிப்பு அது. நியாயமற்றதென்று நாம் கூறவில்லை. ஆனால் சிறுகச் சிறுகப் பணம் தேடுவோனே 50 மணி கூடுதலாகப் பறக்க நேரிடுகின்றதென்பதைக் குறித்துக்கொள்வோம்.

எழுத்துப் பரீட்சையே உண்மையான இடுக்கண். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011ஆம் ஆண்டு 1178ஆம் இலக்க ஒழுங்குவிதி வகுத்த முறை இது: பெருவிமான விமானிக்குரிய அறிவுப் பாடங்கள் 14, பின்னர் வானொலித் தொடர்புப் பாடங்கள் இரண்டும் ஒன்றாக்கப்பட்டமையால் 13. ஒவ்வொன்றிலும் 75 சதவீதம் பெறல் வேண்டும். ஒரு பாடத்துக்கு நான்கு முயற்சிகள் மட்டுமே. முதற் பரீட்சை எழுதிய மாதத்தின் முடிவிலிருந்து 18 மாதங்களுக்குள் அனைத்தும் தேறியாக வேண்டும். தவறினால் தேறிய பாடங்களும் அழிந்து, முழுவதையும் முதலிலிருந்து எழுத வேண்டியதுதான். தேறிய பின்னரும் 36 மாதங்களுக்குள் வர்த்தக அநுமதிப்பத்திரத்தையோ கருவிவழிப் பறப்புத் தகுதியையோ பெறாவிடின் அத்தேர்ச்சி அதற்குப் பயன்படாது.

இதனை ஓர் உழைப்பாளியின் நாட்குறிப்பில் வைத்துப் பார்ப்போம். அப்பாடநெறிக்கு விதிக்கப்பட்ட போதனை 650 மணி. அஞ்சல்வழி படிப்போனும் அதில் பத்திலொரு பங்காவது, அதாவது 65 மணி, வகுப்பறையில் இருத்தல் வேண்டும். வாரத்துக்கு 10 மணி ஒதுக்குவானாயின் 650 மணிக்கு 65 வாரம். ஏறக்குறைய 15 மாதம். பிள்ளைக்குக் காய்ச்சல், முதலாளியின் மேலதிக வேலை, ஊரில் ஒரு சாவீடு, இவை யாவும் அக்கணக்கில் அடங்கா. பாதிப் பாடங்களைப் படித்து எழுதிவிட்டு மறுபாதியைத் தொடங்குவதே பகுதிநேர மாணவரின் வழக்கம். ஆகவே மறுபாதியின் முதல் ஏட்டைத் திறக்கும் முன்னரே அவனுக்குரிய மணிக்கூடு ஓடத் தொடங்கிவிடுகின்றது. முழுநேர மாணவனுக்கு 18 மாதம் என்பது தாராளம். மற்றவனுக்கு அது கழுத்தில் இட்ட சுருக்கு. விதி ஒன்றே, அது விழும் தோள்கள் வேறு.

இத்தகைய நிலையில் விதியே இடைவழியில் மாறினால் என்னாகும்? பிரித்தானியாவில் அதுதான் நடந்தது. 2016இல் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகுவதென அந்நாட்டு மக்கள் வாக்களித்தனர். விலகும் நாள் 2019 மார்ச்சு 29 என்றார்கள். ஏப்பிரில் 12 என்றார்கள். ஒக்டோபர் 31 என்றார்கள். ஈற்றில் 2020 சனவரி 31இல் விலகி, அவ்வாண்டு திசெம்பர் 31 வரை இடைக்காலம் வைத்தார்கள். நத்தாருக்கு முதல் நாள் எட்டப்பட்ட உடன்படிக்கையில் விமானி அநுமதிப்பத்திரங்களைப் பரஸ்பரம் ஏற்கும் ஏற்பாடு இல்லை. பரீட்சைத் தொகுதி முழுவதையும் ஒரே உறுப்பு நாட்டின் அதிகாரத்தின் கீழ் எழுத வேண்டுமென்பது ஐரோப்பிய விதி. பிரித்தானியாவோ உறுப்பு நாடாக இல்லை. அதன் கீழ் ஏழு பாடம் தேறி நின்றவன் பாரிசிலோ பிராங்பேட்டிலோ வேலை தேட வேண்டுமானால் அவ்வேழும் அவனுக்கு வெறுங்காகிதம். இரு கரையிலும் தொழில் வேண்டியோர் ஒரே பாடத்தை இரு முறை எழுத நேர்ந்தது.

முன்னறிவித்தல் இருக்கவில்லையா எனக் கேட்பர். இருந்தது. ஐரோப்பிய அதிகாரிகள் 2018 முதற்கொண்டே எச்சரித்தனர். ஆனால் எச்சரிக்கையைக் கேட்டு விரைந்து முடிக்கக்கூடியவன் முழுநேர மாணவன். வாரத்துக்குப் பத்து மணி நேரமே தன் கையில் உள்ளவனிடம் விரைந்து முடி என்பது, வாய்க்காலில் நீரில்லாதவனிடம் வயலை நனை என்பது போன்றதே.

விண்ணிலே பறப்பது விளையாட்டன்று. பயணிகளின் உயிர் பெரிது. விதிகள் காலத்துக்கேற்ப மாறியே தீர வேண்டும் என்பர். இதனை நாம் முழுமனத்துடன் ஒப்புகின்றோம். 75ஐ 70 ஆக்குமாறோ, ஒரு பாடத்தைக் குறைக்குமாறோ நாம் கேட்கவில்லை. அறிவின் தரம் வேறு. அவ்வறிவை எந்நாளுக்குள், எந்த அலுவலகத்தின் முத்திரையுடன் நிறுவ வேண்டும் என்பது வேறு. 2020 திசெம்பர் 31இல் பாதுகாப்பானதாயிருந்த வானிலையறிவு மறுநாட் காலையில் ஆபத்தானதாகிவிட்டதென எந்த நிபுணரும் சொல்லவில்லை. பிரித்தானியா ஐரோப்பிய அநுமதிப்பத்திரங்களை 2022 முடிவு வரை ஏற்றுக்கொண்டது. விமானங்கள் அதனால் வீழ்ந்துவிடவில்லை.

இடைக்கால ஏற்பாடு செய்ய இயலாதென்பதும் பொய். நாம் மேலே கூறிய 2011ஆம் ஆண்டு ஒழுங்குவிதியின் 9ஆம் உறுப்புரையே, பழைய கூட்டு விதிகளின் கீழ் முன்னரே தொடங்கப்பட்ட பயிற்சிக்கு முழு மதிப்பளித்தது. அன்று வரையத் தெரிந்த பேனாவுக்கு 2020இல் மை வற்றிவிட்டதா?

இடையில் விதி மாறும் துன்பத்தைத் தமிழருக்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. ஆங்கிலத்தில் சேவை புரிந்த தமிழ் எழுதுவினைஞரிடம், சிங்களத் தேர்ச்சி இல்லையேல் சம்பள ஏற்றம் இல்லையென்று 1961ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை கூறிற்று. கோடீசுவரன் வழக்குத் தொடுத்தார். 1964இல் மாவட்ட நீதிமன்றில் வென்றார். 1967இல் உயர் நீதிமன்றில் தோற்றார். 1969இல் பிரிவுக் கவுன்சில் அத்தீர்ப்பை மாற்றியது. ஒரு சம்பள ஏற்றத்துக்கு இத்தனை ஆண்டுகள். 1970ஆம் ஆண்டுப் பல்கலைக்கழகப் புகுமுகப் பரீட்சையில் மாணவர் விடை எழுதி முடித்த பின்னர் வெட்டுப்புள்ளிகள் மொழிவாரியாக மாற்றப்பட்டன. அது இனத்தைக் குறிவைத்த அநீதி. பிரித்தானியாவில் நிகழ்ந்தது அதிகாரிகளின் கவனமின்மை. இரண்டையும் ஒன்றென நாம் சொல்லமாட்டோம். எனினும் இடைவழியில் நிற்பவனை எண்ணாமல் விதி வரைவது இரண்டுக்கும் பொதுவான குறை.

இனி இலங்கைக்கு வருவோம். இங்கே 2010ஆம் ஆண்டு 14ஆம் இலக்கச் சிவில் விமானப் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ், அநுமதிப்பத்திர நிபந்தனைகள் பணிப்பாளர் நாயகம் வெளியிடும் நடைமுறைப்படுத்தல் தரங்களினால் வரையப்படுகின்றன. பாராளுமன்ற விவாதமின்றி அலுவலக மேசையிலிருந்து பிறக்கும் விதி எளிதில் பிறக்கும். எளிதில் மாறவும் செய்யும். நியாயமான எதிர்பார்ப்பு என்னும் கோட்பாட்டை நம் உயர் நீதிமன்றம் அரசியலமைப்பின் 12(1)ஆம் உறுப்புரையின் கீழ் ஏற்றுள்ளது. ஆயினும் பண்டகசாலையில் இரவு வேலை செய்யும் இளைஞனை அடிப்படை உரிமை வழக்குக்குக் கொழும்புக்கு அனுப்புவது பரிகாரமன்று. தரம் திருத்தப்படும் ஒவ்வொரு முறையும், திருத்தநாளுக்கு முன் ஒரு பாடமாவது எழுதியவர் பழைய முறையின்படியே மூன்று ஆண்டுகளுக்குள் முடிக்கலாம் என்னும் ஒரு வாசகம் அதிலேயே சேர்க்கப்படல் வேண்டும். தொழில் புரிந்துகொண்டே படிப்பதை நிரூபிப்போருக்குப் பரீட்சைக் காலம் ஓராண்டு நீட்டப்படல் வேண்டும். கொள்ளைநோய்க் காலத்தில் ஐரோப்பிய நாடுகளும் பிரித்தானியாவும் இக்காலக்கெடுக்களை விலக்களித்து நீட்டின. செய்யத் தகாத காரியமன்று.

எமது பாராளுமன்ற உறுப்பினர்கள் சபையில் பலாலி விமான நிலையத்தின் ஓடுபாதையைப் பற்றிப் பலமுறை பேசியுள்ளனர், நன்று. அடுத்த அமர்வில் விடயப் பொறுப்பு அமைச்சரிடம் இந்த இரண்டு வாசகங்களையும் எழுத்திலே கொடுத்து, எழுத்திலே மறுமொழி பெறட்டும். வரைவு வேண்டுமாயின் நாம் தருகின்றோம்.