கர்ணனின் தேர்ச் சக்கரம்

எங்கள் பெங்களூரில் உயரமான கார் ஒன்றை வாங்கியவர்களுக்கு, அது எங்கேயும் போகும் என்று ஒரு மயக்கம் வந்துவிடுகிறது. எனக்கும் வந்தது. சென்ற பொங்கல் விடுமுறையில் அம்மாவுக்கு ராமேஸ்வரம், எனக்கு தனுஷ்கோடி மணலில் ஓர் ஓட்டம் என்று கணக்குப் போட்டுக் கிளம்பினேன். சேலம், திண்டுக்கல், மதுரை வழியாக சுமார் 600 கி.மீ.

மயக்கத்துக்குத் தூபம் போட்டவர் பிரிஸ்பேனில் இருக்கும் மைத்துனர். அங்கே ஃபிரேசர் தீவு என்று ஒன்று. 2023-ல் கர்ரி என்ற பூர்வகுடிப் பெயருக்கே திரும்பிவிட்டது. உலகிலேயே பெரிய மணல் தீவு. கடற்கரையே நெடுஞ்சாலை, 80 கி.மீ. வேகம் வரை போகலாம். அவர் அனுப்பிய படங்களில் கார் பறந்தது.

அவர் சொல்லாமல் விட்டது, அங்கே நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிகளுக்கு மட்டுமே அனுமதி என்பதை. கடல் நன்றாக உள்வாங்கும் நேரத்தை ஒட்டித்தான் ஓட்டுவார்கள். அப்போது அகலமாக ஈரமணல் கெட்டிப்பட்டுக் கிடக்கும். நம் ராமேஸ்வரத்திலோ கடல் ஏறி இறங்குவது ஒரு மீட்டர்கூட இல்லை. கெட்டி மணல் ஒரு நாடா அகலம்தான், மற்றதெல்லாம் மாவு.

அரிச்சல்முனைவரை தார்ச் சாலை 2017-ல் வந்துவிட்டது. அதற்கு முன் முகுந்தராயர் சத்திரத்தோடு சாலை முடிந்துவிடும். அதற்கப்பால் மணல் பழகிய உள்ளூர் வேன்கள்தான். இருக்கிற நல்ல சாலையை விட்டு நான் இறங்கினேன். இருபதடி போயிருப்பேன். சக்கரம் சுழன்றது, கார் நகரவில்லை. பதற்றத்தில் மேலும் மிதித்தேன்.

"சார், குழி தோண்டாதீங்க, இறங்குங்க" என்றார் ஒரு மீனவர். நாலு பேர் சேர்ந்து டயர்களில் பாதிக் காற்றைப் பிடுங்கினார்கள். காற்றுக் குறைந்தால் டயர் பரந்து பதியும், பாரம் பரவும். சக்கரத்துக்கு முன்னால் மணலை வாரி, பலகை போட்டுத் தள்ளினார்கள். பணம் வாங்கவில்லை. ஜனவரியிலிருந்து பங்குனி ஆமை முட்டையிட வரும் கரை இது என்று மட்டும் சொன்னார்கள். அதுதான் அதிகம் உறைத்தது.

தங்குமிடத்திலும் கோட்டை விட்டிருந்தேன். கார் நிறுத்த வசதி என்று ஊருக்கு வெளியே அறை எடுத்தேன். விடியுமுன் அக்னி தீர்த்தத்தில் முழுகி, 22 தீர்த்தமும் ஆடி, ஈரத்தோடு தரிசனத்துக்கு விடமாட்டார்கள் என்பதால் அம்மா உடை மாற்ற வேண்டும். அறைக்குத்தான் போவேன் என்றார். எழுபத்திரண்டு வயதில், சொட்டச் சொட்ட நனைந்த புடவையோடு, ஆட்டோவில், கடற்காற்றில் நாலு கி.மீ. நடுங்கியபடி வந்தார்.

முதியவர்களோடு போகிறவர்கள் கிழக்குக் கோபுரத்துக்கு நடக்கும் தூரத்தில் அறை பாருங்கள். காரைத் தள்ளி நிறுத்தினால் போகிறது. வெந்நீரும் லிஃப்டும் உண்டா என்று முன்பே கேட்டுவிடுங்கள். தனுஷ்கோடியிலேயே தங்கும் எண்ணம் வேண்டாம். 1964 டிசம்பர் புயலுக்குப் பின் வாழத் தகுதியற்றதாக அறிவிக்கப்பட்ட ஊர் அது. பொழுது சாயுமுன் திரும்பிவிட வேண்டும்.

மணலில் ஓட்டியே தீருவேன் என்பவர்களுக்குக் கண்ணூருக்கும் தலைச்சேரிக்கும் நடுவே முழப்பிலங்காடு இருக்கிறது. நாலு கி.மீ. கெட்டி மணல், கார் விடுகிறார்கள். பெங்களூரிலிருந்து தூரமும் பாதிதான். மழைக் காலத்தில் வேண்டாம். திரும்பியதும் காரின் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள். நான் கழுவத் தாமதித்து, துருவுக்கு மெக்கானிக்கிடம் தண்டம் அழுதேன்.