கரணை பிடித்த கை கணக்கும் பிடிக்கட்டும்!



நம் ஊர்களில் எந்தத் தெருவுக்குச் சென்றாலும், வளைகுடாவில் கட்டட வேலை பார்த்துத் திரும்பிய ஒருவரையாவது சந்திக்கலாம். ஹெல்பராகப் போனவர், கொத்தனாராகி, ஃபோர்மேன் வரை உயர்ந்தவர். அங்கே வானுயர நிற்கும் கட்டடங்களில் அவருடைய வியர்வை இருக்கிறது. ஊர் திரும்பிய அவர் இன்று என்ன செய்கிறார்? சதுர அடிக்கு இவ்வளவு என்று வாய்ப்பேச்சாகப் பேசி, வீடு கட்டிக் கொடுக்கிறார். வேலை முடிந்த பிறகு, லாபமா நஷ்டமா என்பது அவருக்கே தெரிவதில்லை!

அதே கம்பெனியில், அவருக்குப் பல ஆண்டுகள் பின்னால் வந்து சேர்ந்த ஓர் இளைஞர், அலுவலக அறையில் அமர்ந்து அவரைவிடப் பல மடங்கு சம்பளம் வாங்கினார். அந்த இளைஞர் ஒரு செங்கல்லைக்கூடத் தொட்டதில்லை. ஆனால் எத்தனை செங்கல் வேண்டும், எந்தத் தேதியில் வேண்டும், பில் பணம் வராவிட்டால் யாருக்கு எப்போது கடிதம் எழுத வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். குவாண்டிட்டி சர்வேயர், பிளானிங் இன்ஜினியர் என்று அவர்களுக்குப் பெயர். கைத்தொழில் தாழ்ந்ததல்ல. ஆனால் கைத்தொழில் தெரிந்த நாம், அதன் கணக்கை மட்டும் அடுத்தவரிடம் விட்டு வைத்திருப்பது ஏன்?

அந்தக் கணக்கு அப்படி ஒன்றும் எட்டாக்கனி அல்ல. 1,000 சதுர அடிக்கு 5 அங்குல கனத்தில் தளம் போட, சுமார் 417 கன அடி கான்கிரீட் வேண்டும். 1 பங்கு சிமெண்ட், 1½ பங்கு மணல், 3 பங்கு ஜல்லி என்ற கலவையில், பீம் நீங்கலாக, சுமார் 95 மூட்டை சிமெண்ட் பிடிக்கும். கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதே எண்ணால் பெருக்கி, 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டர் கம்பியின் எடை கிலோவில் கிடைக்கும். 12 மி.மீ. கம்பி மீட்டருக்கு சுமார் 890 கிராம். பத்தாம் வகுப்புக் கணக்கு போதும்! இது தெரிந்தவர் கொட்டேஷன் கொடுக்கிறார். தெரியாதவர் கூலி வாங்குகிறார்.

இரண்டாவது, காலக் கணக்கு. எந்த வேலை முடிந்தால்தான் எந்த வேலையைத் தொடங்க முடியும், எந்த வேலை ஒரு நாள் தாமதித்தால் மொத்தக் கட்டடமும் ஒரு நாள் தாமதிக்கும் என்று வரிசைப்படுத்தும் முறை, 1950களின் இறுதியில் அமெரிக்காவில் உருவானது. இன்று அதைக் கம்ப்யூட்டரில் பிரைமவேரா, எம்.எஸ். பிராஜெக்ட் போன்ற மென்பொருள்கள் செய்கின்றன. நம் ஊர் வேலையிலும் இதே பாடம்தான். கான்கிரீட் போடுவதற்கு முன் எலக்ட்ரிக் பைப் பதிக்க மறந்தால், பிறகு தளத்தைக் கொத்த வேண்டும். அந்தச் செலவு யார் தலையில் விழும்?

மூன்றாவது, தரம். இது உயிர் சம்பந்தப்பட்டது. 2014 ஜூன் 28 அன்று, சென்னை மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் மாண்டார்கள். பிழைப்புத் தேடி வந்த தொழிலாளர்களும் அதில் புதைந்து போனார்கள். ஐ.எஸ். 456 என்ற இந்தியத் தர விதி, சாதாரண சிமெண்ட் கான்கிரீட்டைக் குறைந்தது 7 நாட்களும், கலப்பு சிமெண்ட் என்றால் 10 நாட்களும் ஈரமாக வைக்கச் சொல்கிறது. கான்கிரீட் க்யூப் எடுத்து 28 நாளில் அழுத்திப் பார்க்கச் சொல்கிறது. நம்மில் எத்தனை மேஸ்திரிகள் இதைச் செய்கிறோம்? நம்மை நம்பி ஒரு குடும்பம் அந்தக் கூரையின் கீழ் உறங்கப் போகிறது என்பதை மறந்துவிட முடியுமா?

நான்காவது, எழுத்து. கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும்படி திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனமே (2:282) பணிக்கிறது. ஆனால் நம்மவர்கள் லட்சக்கணக்கில் வாய்ப்பேச்சில் வேலை செய்கிறார்கள்! “பாய், இந்த மாடிப்படியை மட்டும் மாத்திக் கட்டிடுங்க” என்பார் வீட்டுக்காரர். கட்டி முடித்துக் கூடுதல் பணம் கேட்டால் மனஸ்தாபம். வளைகுடாவில் பல ஒப்பந்தங்கள் ‘ஃபிடிக்’ எனும் சர்வதேச மாதிரியை ஒட்டி எழுதப்படுகின்றன. கூடுதல் பணமோ கூடுதல் அவகாசமோ வேண்டுமென்றால், காரணம் தெரிந்த 28 நாட்களுக்குள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்கிறது அது. தவறினால் உரிமையே போய்விடும். ஒரு கடிதம் எழுதாததால் பல லட்சம் இழந்த ஒப்பந்தக்காரர்கள் உண்டு.

வியாபாரப் பெருமக்களே! உங்களுக்கும் ஒரு வார்த்தை. கடையில் சேர்ந்த பணத்தை, தெரிந்தவர் என்ற நம்பிக்கையில் ஃபிளாட் கட்டும் தொழிலில் கூட்டாகப் போடுகிறீர்கள். 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தீர்களா? 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில் 8 வீடுகளுக்கு மேல் கட்டி விற்பதானால், பதிவு செய்யாமல் விளம்பரம்கூடச் செய்ய முடியாது. வாங்குபவர்களிடம் பெறும் பணத்தில் 70 சதவிகிதத்தைத் தனி வங்கிக் கணக்கில் வைத்து, அந்த நிலத்துக்கும் கட்டுமானத்துக்கும் மட்டுமே செலவிட வேண்டும். வீட்டை ஒப்படைத்து 5 ஆண்டுகளுக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால், கட்டியவரே தன் செலவில் சரிசெய்ய வேண்டும். கூட்டாளி என்ற முறையில் இந்தப் பொறுப்புகள் உங்கள் வாசலுக்கும் வரலாம். பணம் போடுமுன் பத்திரத்தையும் எஸ்டிமேட்டையும் கேளுங்கள். நேர்மையானவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இளைஞனே! விசா வரும் வரை தெருமுனையில் காத்திருக்கிறாயே, அந்தக் காலத்தை வீணாக்காதே. ஐ.டி.ஐ.யில் சிவில் டிராஃப்ட்ஸ்மேன் பயிற்சி இருக்கிறது. அங்கிருந்து பாலிடெக்னிக்கின் இரண்டாம் ஆண்டுக்கும், டிப்ளமோ முடித்தால் பி.இ. இரண்டாம் ஆண்டுக்கும் நேரடியாகச் செல்ல வழி உண்டு. 2007இல் கிடைத்த 3.5 சதவிகித இட ஒதுக்கீடு இந்த இடங்களுக்கும்தான். போராடிப் பெற்ற இடத்தில் உட்கார ஆள் இல்லையென்றால், அந்தப் போராட்டத்துக்குப் பொருள் என்ன?

ஜமாஅத் நிர்வாகிகள் ஒரு காரியம் செய்யலாம். ஊர் திரும்பிய ஃபோர்மேனையும், விடுமுறையில் வரும் இன்ஜினியரையும் ஒரே அறையில் அமர வையுங்கள். வாரம் இரண்டு மாலை, இஷாவுக்குப் பிறகு, அளவெடுப்பதும் எஸ்டிமேட் போடுவதும் சொல்லித் தரட்டும். முன்னவரிடம் அனுபவம் இருக்கிறது. பின்னவரிடம் ஏடு இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் நம் பிள்ளைகள் ஒப்பந்தக்காரர்களாக எழுவார்கள்.

ஊரார் மாளிகைகளுக்கு நாம் கல் சுமந்தது போதும். இனி அளவுநாடாவையும் பேனாவையும் கையில் எடுப்போம்!