காம்போரம் பச்சையாக இருந்தால் குற்றமா?

புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில் தக்காளி இரண்டு பெயரில் விற்கிறது. ஒன்று நாட்டுத் தக்காளி: தட்டையாக, மடிப்பு மடிப்பாக, தோல் மெலிந்து இருக்கும், பையின் அடியில் போட்டால் வீடு போய்ச் சேர்வதற்குள் நசுங்கிவிடும். மற்றது பெங்களூர்த் தக்காளி: முட்டை வடிவம், தடித்த தோல், ஒரு வாரம் கூடையில் கிடந்தாலும் சுருங்காது. ரசம் வைப்பவர்கள் இன்றும் முதலாவதைத்தான் கேட்டு வாங்குகிறார்கள். இதற்கிடையே மாடித்தோட்டக்காரர்கள் அமெரிக்காவின் பிராண்டிவைன், பிரான்சின் மார்மாண்ட் என்று பாரம்பரிய பீஃப்ஸ்டேக் தக்காளி விதைகளைப் பொட்டலமாக வரவழைக்கிறார்கள். ஒரு பழமே கால் கிலோ, அரை கிலோ வரும். வட்டமாக அறுத்து உப்புத் தூவிப் பச்சையாகவே சாப்பிடலாம். இந்த ஆசையில் தவறில்லை. ஆனால் குளிர்நாட்டு விதையில் நாம் தேடுகிற சுவைக்கு அடித்தளம் தேனி மாவட்டத்து அன்னஞ்சித் தக்காளியிலேயே இருக்கிறது. அதை எடுத்துத் தன் மண்ணுக்கு ஏற்பத் தேர்ந்து, விதையைத் தன் கையிலேயே வைத்துக்கொள்ளப் புதுச்சேரி போன்ற சிறிய பிரதேசத்தால் முடியும் என்பதே என் வாதம்.

சுவை போய்விட்டது என்பதைப் பழைய தலைமுறையின் புலம்பல் என்று தள்ளிவிட முடியாது. பழைய தக்காளிகளில் காய்ப் பருவத்தில் காம்பைச் சுற்றி அடர்ந்த பச்சை இருக்கும். பழுத்த பிறகும் அந்த இடம் சற்று மஞ்சளாக, கெட்டியாக நின்றுவிடுவதுண்டு. வியாபாரிக்கு அது பிடிக்காது. பழம் முழுவதும் ஒரே சிவப்பாக இருந்தால்தான் அவருக்கு விலை. எனவே காய் முழுவதும் ஒரே வெளிர்ப் பச்சையாக இருந்து ஒரே சீராகச் சிவக்கும் மரபணு மாற்றத்தை, ஏறத்தாழ எழுபது ஆண்டுகளாகப் பயிர் வளர்ப்பாளர்கள் தேடித்தேடிப் புகுத்தினார்கள். 2012இல் 'சயின்ஸ்' இதழில் வெளியான ஆய்வு அதற்கு நாம் கொடுத்த விலையைக் காட்டியது. காயிலேயே பச்சையத்தை வளர்த்துச் சர்க்கரை சேர்க்க உதவும் மரபணுவைத்தான் அந்த மாற்றம் முடக்கியிருந்தது. 2017இல் அதே இதழில் ஹாரி க்ளீ, டெனிஸ் டீமன் ஆகியோரின் குழு 398 வகைகளை ஆராய்ந்து, புதிய வணிக வகைகளில் மணமும் சுவையும் தரும் பல வேதிப்பொருட்கள் குறைந்துவிட்டன என்று காட்டியது. யாரும் சதி செய்யவில்லை. விளைச்சல், உறுதி, நிறம் ஆகியவற்றுக்கு மதிப்பெண் போட்டவர்கள் சுவைக்குப் போடவில்லை, அவ்வளவுதான்.

இப்போது அதே தேனி மாவட்டத்துப் பெரியகுளத்துக்கு வருவோம். அங்குள்ள தோட்டக்கலைக் கல்லூரி தந்த பி.கே.எம்.1 என்னும் ரகம், அன்னஞ்சி என்ற உள்ளூர்த் தக்காளியிலிருந்து திடீர் மாற்றத்தைத் தூண்டி எடுக்கப்பட்டது. வேளாண் பல்கலைக்கழகம் அதற்குத் தரும் அடையாளமே தட்டையான உருண்டைப் பழம், காம்போரம் பச்சை என்பதுதான். பீஃப்ஸ்டேக் அளவுக்குப் பெரிதல்ல. தூய பாரம்பரிய ரகம் என்றும் சொல்ல முடியாது. ஆனால் அது கலப்பினம் அல்ல. பழத்தைப் பிழிந்து, சாற்றோடு இரண்டு மூன்று நாள் புளிக்கவிட்டு, அலசி, நிழலில் உலர்த்தினால் அடுத்த பருவத்துக்கு விதை தயார். தக்காளி பெரும்பாலும் தன் பூவிலேயே கருவுறுவதால் குணம் மாறாது. சாஹோ, சிவம் என்று கடையில் பெயர் சொல்லி வாங்கும் கலப்பினங்களில் இதைச் செய்தால் செடிக்குச் செடி குணம் சிதறும். ஒவ்வொரு பருவமும் புதுப் பாக்கெட்தான். பிராண்டிவைனும் ஏதோ ஆய்வகத்தில் காக்கப்பட்டதல்ல. ஒரு குடும்பம் தலைமுறைகளாகப் போற்றிய விதை கைமாறி, 1982இல் விதைக் காப்பாளர் அமைப்பு ஒன்றுக்குக் கிடைத்து, அங்கிருந்து உலகெங்கும் பரவியது. அமெரிக்காவில் ஒரு குடும்பத்தால் முடிந்தது பாகூரிலும் வில்லியனூரிலும் முடியாததல்ல. விவசாயி தன் விதையைச் சேமிக்கவும் பகிரவும் வணிகப் பெயரிடாமல் விற்கவும் 2001ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டம் தெளிவாகவே இடம் தருகிறது.

விளைச்சல் என்னாகும் என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். பி.கே.எம்.1 ஹெக்டேருக்கு 30 முதல் 35 டன். பல்கலைக்கழகத்தின் சொந்தக் கலப்பினங்களே 90 டன்னைத் தாண்டுகின்றன. இலைச்சுருள், வாடல், இலைக்கருகல் மூன்றையும் தாங்கும் அர்கா ரக்ஷக் என்னும் கலப்பினத்தைப் பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் தந்திருக்கிறது. வெள்ளை ஈ மொய்க்கும் வயலில் நாட்டு ரகம் அதற்கு ஈடுகொடுக்காது. ஆகவே கலப்பினத்தைக் கைவிடச் சொல்வது விவசாயியின் வயிற்றில் அடிப்பது. நான் அதைச் சொல்லவில்லை. சாம்பாருக்கும் தொக்குக்கும் கோலார், மதனப்பள்ளி லாரிகள் வரட்டும். 250 கிலோமீட்டருக்கு மேல் வர வேண்டிய பழம் தடித்த தோலோடுதான் இருந்தாக வேண்டும். பாகூரிலிருந்து காலையில் பறித்துப் பதினோரு மணிக்குள் விற்றுத் தீரும் பழத்துக்கு அந்தத் தோல் எதற்கு? சில ஏக்கர் போதும், அதுவும் ஒரே ஒரு பருவத்துக்கு.

ஒரே பருவம் என்பதற்குக் காரணம் உண்டு. இரவு வெப்பம் 22, 23 டிகிரியைத் தாண்டினால் தக்காளிப் பூவில் மகரந்தம் ஒழுங்காக வேலை செய்யாமல் பூ உதிரும். நம் கடற்கரையில் டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரைதான் இரவு அந்த அளவுக்குக் குளிர்கிறது. பெரிய பழ ரகங்களுக்கு நட்டதிலிருந்து பறிக்க எண்பது, தொண்ணூறு நாள் ஆகும். அதனால்தான் பிராண்டிவைன் வளர்த்த பலருக்கு இங்கே செடி மட்டும் ஆளுயரம் வளர்கிறது. வடகிழக்குப் பருவமழையில் நாற்றைத் தரையில் விட்டாலும் அழுகிவிடும். மழை ஓயும் வரை நாற்றுக்குக் கூரை வேண்டும், பிறகு மேட்டுப் பாத்தி வேண்டும். இந்தக் குறுகிய இடைவெளியில் காய்த்துத் தருகிற செடியிலிருந்து விதை எடுத்து, அடுத்த ஆண்டும் அப்படியே தேர்ந்தால், சில ஆண்டுகளில் இந்த ஊருக்கு ஒத்துவரும் வரிசை கிடைக்கும். பெரிய பழமும் வேண்டுமென்றால் மார்மாண்டோடு அதைக் கலப்புச் செய்து பார்ப்பதும் ஆராய்ச்சியாளருக்குப் பெரிய வேலையல்ல.

விலை கூடுமே என்பது அடுத்த தடை. கூடும், கூடத்தான் வேண்டும். 2023 ஜூலையில் சாதாரணத் தக்காளிக்கே கிலோவுக்கு நூறு ரூபாய்க்கு மேல் கொடுத்தோம். சுவைக்காகக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கக் கூடியவர்கள், பூல்வார் பகுதியின் உணவகங்களையும் சேர்த்து, இந்த ஊரில் இருக்கிறார்கள். தென்னமெரிக்காவிலிருந்து வந்த செடிக்கு நாட்டுப் பெருமை எதற்கு என்றும் சிலர் கேட்கலாம். மிளகாயும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததுதான். ராமநாதபுரம் குண்டு மிளகாயை யாரும் அந்நியம் என்பதில்லை. நெல் ஜெயராமன் மாப்பிள்ளைச் சம்பாவையும் காட்டுயானத்தையும் மீட்டபோதும் பலர் ஒப்பிட்டது விளைச்சலைத்தான். சாப்பிடுகிறவர்கள் தேடி வாங்கியதால்தான் அந்த நெல் கடைக்கு வந்தது. காய்கறி விதைக்கு அப்படியோர் இயக்கம் இன்னும் எழவில்லை. ஆரோவில்லில் பெபிள் கார்டன் போன்ற ஓரிரு இடங்கள் மட்டும் சத்தமில்லாமல் அந்த வேலையைச் செய்கின்றன.

புதுச்சேரி வேளாண் துறை பிப்ரவரியில் மலர், காய், கனிக் கண்காட்சி நடத்துகிறது. தக்காளி சிறப்பாகப் பழுக்கிற காலமும் அதுவே. குரும்பாபேட்டை வேளாண் அறிவியல் நிலையம் அன்னஞ்சி வழி வந்த ரகங்களையும் இரண்டு மூன்று பெரும்பழ ரகங்களையும் இந்தப் பருவத்திலேயே சோதனைப் பாத்தியில் நடட்டும். கண்காட்சியில் எடைக்குப் பரிசு வைப்பதோடு, அறுத்துத் தின்று பார்த்துச் சுவைக்கும் ஒரு பரிசு வைக்கட்டும். வென்ற பழத்தின் விதையை வருகிறவர்களுக்கு ஆளுக்கொரு சிட்டிகை கொடுத்தனுப்பட்டும்.